"டாக்டர், மொதல்ல இதை நிறுத்துங்க"

கொஞ்சம் நீளமான இழை. சாப்பிடும்போது மட்டும் படிக்காதீங்க. மத்த எந்த நேரத்துலயும் படிக்கலாம்.

போன வாரம் ராத்திரி ஒன்பதரை மணி. க்ளினிக்கை மூடப்போற நேரத்துல ஒரு இளம் தம்பதி, ஒன்றரை வயசுக் குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. காலையில இருந்து பதினோரு தடவை தண்ணியா போயிருக்கு. குழந்தைக்குக் கண்ணு உள்ள போயிருந்தது. அழுதா கண்ணீர் வரல. வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா உடனே படியாம மெதுவாத்தான் பழைய நிலைக்கு வந்தது. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சுன்னு கேட்டேன். அம்மாவுக்குச் சொல்லத் தெரியல.

அப்பா சொன்ன முதல் வார்த்தை: "டாக்டர், மொதல்ல இதை நிறுத்துங்க."

என்ன கொடுத்தீங்கன்னு கேட்டேன். "பால் குடுத்தா இன்னும் போகும், தண்ணி குடுத்தா அப்படியே வெளியே வந்துரும்"னு பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லியிருக்காங்க. அதனால மதியத்துல இருந்து தாய்ப்பாலும் இல்ல, தண்ணியும் இல்ல. சட்டைப் பையில பேதியை நிறுத்துற மாத்திரை ஒரு அட்டை இருந்தது. பெரியவங்களுக்கான மாத்திரை. "பாதியா உடைச்சுக் குடுக்கலாம்னு மெடிக்கல்ல சொன்னாங்க, உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுக்கலாம்னு வெச்சிருக்கோம்."

அந்த ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணுச்சு பாருங்க, அதுக்கு நான் அவங்களுக்கு நன்றி சொன்னேன்.

குழந்தை மயங்கல. கரண்டியை வாய்கிட்ட கொண்டு போனா ஆவலா குடிச்சது. அது நல்ல அறிகுறி. ஓஆர்எஸ் பொட்டலம் பிரிச்சு, ஒரு லிட்டர் தண்ணியில கலக்கி, அம்மா மடியில குழந்தையை உக்கார வெச்சு, ஸ்பூன் ஸ்பூனா கொடுக்கச் சொன்னேன். ஒன்பது கிலோ குழந்தை. கிலோவுக்கு 75 மில்லி வீதம் நாலு மணி நேரத்துல ஏறக்குறைய 675 மில்லி. நடுவுல ஒரு தடவை வாந்தி எடுத்தது. பத்து நிமிஷம் நிறுத்திட்டு, இன்னும் மெதுவா மறுபடி ஆரம்பிச்சோம். இடையிடையே தாய்ப்பால்.

ராத்திரி ஒரு மணிக்கு அம்மாவோட புடவை நனைஞ்சது. ஒண்ணுக்குப் போயிடுச்சு. அந்த ஈரத்தைப் பாத்து நாங்க மூணு பேரும் சிரிச்சோம். கண்ணு தெளிஞ்சு, குழந்தை என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சது.

அந்த நாலு மணி நேரத்துல ஊசி போடல. ட்ரிப்ஸ் ஏத்தல. இன்னொண்ணு கவனிங்க: பேதி நிக்கவும் இல்ல. வீட்டுக்குப் போறப்ப ரெண்டு தடவை போயிருந்தது. மறுநாளும் நாலஞ்சு தடவை போச்சு. ஆனா குழந்தை பிழைச்சாச்சு.

இதைப் பத்தித்தான் பேசப்போறேன். நாம எல்லாரும், டாக்டர்களையும் சேர்த்துத்தான் சொல்றேன், தப்பான இடத்துல நின்னுக்கிட்டு "நிறுத்து, நிறுத்து"ன்னு கத்திக்கிட்டு இருக்கோம்னு நினைக்கிறேன்.

பேதிங்கிறது நோயோட பேர் இல்ல. காய்ச்சல் மாதிரி, இருமல் மாதிரி, அது ஒரு அறிகுறி. உள்ள ஏதோ நடக்குதுன்னு குடல் தட்டுற கதவு. கதவு தட்டுற சத்தம் தொந்தரவா இருக்குன்னு காதுல பஞ்சு வெச்சுக்கிட்டா வந்தவர் யாருன்னு எப்படித் தெரியும்?

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். நீங்க ஒரு நாளைக்குச் சாப்பிடுறது, குடிக்கிறது எல்லாம் சேர்த்து சுமார் ரெண்டு லிட்டர் திரவம் உள்ள போகுதுன்னு வெச்சுக்குவோம். அதோட எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடலே சுரக்கிற நீர்னு இன்னொரு ஏழு லிட்டர் சேருது. ஆக தினமும் எட்டு ஒன்பது லிட்டர் உங்க சிறுகுடல் வழியா ஓடுது. அதுல பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிடும். மிச்சம் ஒன்று, ஒன்றரை லிட்டர் பெருங்குடலுக்குப் போகும். அங்கயும் உறிஞ்சினது போக வெளியே வர்றது நூறு, இருநூறு மில்லி தண்ணிதான்.

இந்தக் கணக்குல ஒரு சின்னச் சறுக்கல் போதும். கிருமி குடலோட சுவரைச் சேதப்படுத்தலாம், காலரா மாதிரி சுரப்பைத் திறந்து விடலாம், ஜீரணமாகாத சர்க்கரை தண்ணியை உள்ள இழுக்கலாம், குடல் வேகமா ஓடி உறிஞ்ச நேரமே இல்லாம போகலாம். எதுவானாலும் முடிவு ஒண்ணுதான்: தண்ணி வெளியே. கடுமையான காலராவுல பெரியவர் ஒருத்தருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும் போகும். வயித்துக்குள்ள இருக்கிற கிருமி ஆளைக் கொல்றதுக்கு முன்னாடி, போன தண்ணியும் உப்பும் கொன்னுடும்.

பேதியில செத்தவங்கன்னு நாம சொல்றவங்கள்ல பெரும்பாலானவங்க உண்மையில தாகத்துல செத்தவங்க.

இதை உலகத்துக்கு நிரூபிச்ச இடம் நம்ம நாட்டுலதான் இருக்கு. 1971. வங்கதேச விடுதலைப் போர். லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்குள்ள வர்றாங்க. போங்காவ் முகாம்ல காலரா. தரையெல்லாம் நோயாளிகள். நரம்புல ஏத்துற திரவம் தீர்ந்துக்கிட்டே வருது. அங்க பொறுப்புல இருந்தவர் திலீப் மஹலனாபிஸ்ங்கிற குழந்தைகள் மருத்துவர். அவர் ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூணையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணியில கலக்கி, ட்ரம்கள்ல ஊத்தி வெச்சு, நோயாளிகளோட சொந்தக்காரங்ககிட்டயே குவளையைக் கொடுத்து "நீங்களே குடிக்க வைங்க"ன்னார். முப்பது சதவீதம் வரைக்கும் இருந்த இறப்பு அவரோட முகாம்ல 3.6 சதவீதமா குறைஞ்சது.

மருத்துவப் பட்டம் இல்லாத, எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களும் அண்ணன்களும் குவளையால காப்பாத்தின உயிர்கள் அவை.

ஏன் வேலை செய்யுதுன்னா, சிறுகுடல் சுவர்ல ஒரு கதவு இருக்கு. அந்தக் கதவு வழியா உப்புல இருக்கிற சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கிட்டுத்தான் உள்ள போகும். போகும்போது தண்ணியையும் கூட்டிட்டுப் போகும். காலரா மத்த கதவுகளைக் கெடுத்தாலும் இந்தக் கதவைத் தொடறதில்ல. 1960-ல் ராபர்ட் க்ரேன்ங்கிற விஞ்ஞானி இந்தக் கூட்டணியை விளக்கினார். ஆக ஓஆர்எஸ்ல சர்க்கரை இருக்கிறது ருசிக்காக இல்ல, தெம்புக்காகவும் இல்ல. அது உப்புக்கும் தண்ணிக்கும் சாவி.

மஹலனாபிஸ் 2022 அக்டோபர்ல காலமானார். அடுத்த ஜனவரியில பத்ம விபூஷண் அறிவிச்சாங்க. உயிரோட இருக்கறப்ப கொடுத்திருக்கலாம். சரி, விடுங்க.

இப்ப அளவு ஏன் முக்கியம்னு புரிஞ்சிருக்கும். இன்னைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற கலவையில ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். இது 2002-ல் திருத்தின கலவை. சர்க்கரை கூடிப்போனா கதை தலைகீழ். உறிஞ்சப்படாத சர்க்கரை குடலுக்குள்ள தண்ணியை இழுத்து பேதியை இன்னும் அதிகமாக்கும்.

அதனாலதான் டெட்ரா பேக்ல ஆரஞ்சு, ஆப்பிள் ருசியில வித்த "ஓஆர்எஸ்" பானங்கள் மேல எனக்கு அவ்வளவு கோபம். பேர்ல ஓஆர்எஸ், உள்ள பல மடங்கு சர்க்கரை. மெடிக்கல் ஷாப்புல, ஏன், ஆஸ்பத்திரி வாசல்லயே வித்தாங்க. ஹைதராபாத்ல சிவரஞ்சனி சந்தோஷ்ங்கிற குழந்தைகள் மருத்துவர் எட்டு வருஷம் தனியாளா போராடினதுக்கு அப்புறம், 2025 அக்டோபர்ல, அந்தக் கலவைப்படி இல்லாத எந்த பானமும் பேர்ல ஓஆர்எஸ்னு போடக்கூடாதுன்னு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. கடைக்குப் போனா டப்பாவைத் திருப்பிப் பாருங்க. உலக சுகாதார நிறுவனக் கலவைன்னு எழுதியிருக்கணும். பொடியா வர்றது பெரும்பாலும் பாதுகாப்பு. விலையும் குறைவு. அங்கன்வாடியிலயும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் இலவசமாவே கொடுக்கறாங்க.

ஒரு லிட்டர்னு போட்ட பொட்டலத்தை ஒரு டம்ளர்ல கொட்டிக் கலக்காதீங்க. இருநூறு மில்லிக்கான சின்னப் பொட்டலமும் இருக்கு, அதை ஒரு லிட்டர்ல கரைக்காதீங்க. இந்த ரெண்டு தப்பையும் நான் வாரம் ஒரு தடவையாவது பாக்குறேன். முதல் தப்புல உப்பு ஏறும், ரெண்டாவது தப்புல வெறும் தண்ணி. கலக்கினதை 24 மணி நேரத்துக்குள்ள முடிங்க, மிச்சத்தைக் கொட்டிட்டுப் புதுசா கலக்குங்க. நடுராத்திரி, பொட்டலம் இல்லன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டி அளக்கணும், குவிச்சு இல்ல. உப்பு போட்ட அரிசிக் கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் கூடவே கொடுக்கலாம். நம்ம பாட்டிங்க இந்த விஷயத்துல கெட்டிக்காரங்க. "பட்டினி போடு"ன்னு சொன்ன பாட்டியை மட்டும் தவிர்த்திடுங்க.

குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் ரெண்டு வயசுக்குள்ளன்னா 50 முதல் 100 மில்லி, பத்து வயசு வரைக்கும் 100 முதல் 200 மில்லி. கூடவே துத்தநாகம், அதான் ஜிங்க். ஆறு மாசத்துக்கு மேலன்னா தினம் 20 மில்லிகிராம், அதுக்குக் கீழ 10. பதினாலு நாள். பேதி மூணாம் நாளே நின்னாலும் பதினாலு நாளும் கொடுக்கணும். நிறையப் பேர் பாதியில விட்டுடுவாங்க.

சரி, "நிறுத்துற மாத்திரை" விஷயத்துக்கு வர்றேன்.

அந்த மாத்திரை கிருமியைக் கொல்றதில்ல. குடல் அசைவை மெதுவாக்கும், அவ்வளவுதான். பெரியவங்களுக்கு, காய்ச்சலோ ரத்தமோ இல்லாத சாதாரணத் தண்ணிப் பேதியில, பஸ்ல போயே ஆகணும்னா, ஒரு வேளை ரெண்டு வேளை போடறதை நான் குத்தம் சொல்லல. நானே போட்டிருக்கேன், திருச்சி போற வழியில. ஆனா ரத்தம், சளி, காய்ச்சல் இருக்கும்போது போட்டா, வெளியே போக வேண்டியதை உள்ள பூட்டி வைக்கிற வேலை. பெருங்குடல் வீங்கி ஆபத்தான நிலைக்குக்கூடப் போகலாம். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். குடல் அசைவே நின்னு வயிறு உப்பிடும், மயக்க நிலைக்கும் கொண்டு போகும்.

அடுத்தது ஆன்டிபயாட்டிக். மெடிக்கல்ல "லூஸ் மோஷன்"னு சொன்னா ஒரே அட்டையில ரெண்டு மருந்து சேர்ந்த மாத்திரையை எடுத்துத் தர்றாங்களே, அது. சாதாரணமா வர்ற பேதியில பாதிக்கு மேல தானா சரியாகும். குழந்தைகளுக்கு வர்றதுல பெரும்பங்கு வைரஸ். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது. ரோட்டா வைரஸுக்கு 2017-ல் இருந்து தமிழ்நாட்டுல இலவசமாவே சொட்டு மருந்து இருக்கு, பிறந்து 6, 10, 14 வாரத்துல. அதைப் போட்டுட்டீங்களான்னு தடுப்பூசி அட்டையைப் பாருங்க. ஆன்டிபயாட்டிக் வேண்டியது ரத்தபேதிக்கும் காலராவுக்கும் இன்னும் சிலதுக்கும்தான். தேவையில்லாம போட்டா, குடல்ல இருக்கிற நல்ல கிருமிகள் செத்து, அந்த மருந்தாலேயே புதுசா ஒரு பேதி வரும்.

அப்ப ட்ரிப்ஸ்? குடிக்கவே முடியாதவங்களுக்கு, மயங்கினவங்களுக்கு, நிக்காம வாந்தி எடுக்கறவங்களுக்கு அது உயிர். மத்தவங்களுக்கு அது ஒரு திருப்தி. "ஒரு பாட்டில் ஏத்துங்க சார், தெம்பா இருக்கும்." ஏத்தலைன்னா அடுத்த தெருவுல ஏத்துறவர்கிட்டப் போவாங்க. சில ரூபாய் பொட்டலம் எழுதிக் கொடுக்கிற டாக்டரை விட பாட்டில் தொங்கவிடுற டாக்டர் பெரிய டாக்டர். இதுக்கு நோயாளியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துல உக்காந்து பத்து நிமிஷம் பேசறதுக்குக் கட்டணம் வாங்க எங்களுக்குத் தெரியல. பாட்டிலுக்கு வாங்கத் தெரியும்.

இதுவரைக்கும் சொன்னது ரெண்டு மூணு நாள்ல, அதிகம் போனா ஒரு வாரத்துல சரியாகிற பேதி. அதுல "நிறுத்து"ன்னு கேக்கறது தண்ணியை மறக்க வைக்குது. இன்னொரு வகை இருக்கு. வாரக்கணக்குல, மாசக்கணக்குல போறது. அதுல "நிறுத்து"ன்னு கேக்கறது நோயையே மறைச்சிடும்.

இங்க நான் ஒரு விஷயம் சொல்லணும். இத்தனை வருஷமா எங்கயும் எழுதினதில்ல.

நான் க்ளினிக் ஆரம்பிச்ச புதுசு. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருத்தர் வந்தார். சத்தமா பேசுவார், வெயிட்டிங் ஹால்ல இருக்கிற எல்லாரையும் சிரிக்க வெப்பார். "வயித்தால போகுது சார். முப்பது வருஷம் கண்ட ஓட்டல்ல தின்ன வயிறு, இப்ப பழி வாங்குது." நானும் சிரிச்சேன். மாத்திரை எழுதினேன். அஞ்சு நாள் நல்லா இருந்தது. ஒரு மாசம் கழிச்சு மறுபடி வந்தார். வேற ஆன்டிபயாட்டிக், பூச்சி மருந்து, தயிர்ல இருக்கிற மாதிரி நல்ல கிருமி அடங்கின கேப்ஸ்யூல். கூட்டமான நாள். மூணு நிமிஷம்தான் பாத்திருப்பேன்.

மூணாவது தடவை வரும்போது நாலு மாசம் ஓடிப்போச்சு. அன்னைக்கு அவர் மனைவியும் கூட வந்தாங்க. அவர் வழக்கம்போல ஜோக் சொல்ல ஆரம்பிச்சார். அந்த அம்மா குறுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாங்க: "ராத்திரி ரெண்டு தடவை எந்திரிக்கிறாருங்க. வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது. இவரு சொல்ல மாட்டாரு."

நான் பேனாவைக் கீழ வெச்சேன்.

கண்ணோட கீழ் இமையை இழுத்துப் பாத்தா வெளுத்துப் போயிருந்தது. ரத்தத்துல ஹீமோகுளோபின் 7.4. அறுபது வயசு ஆம்பளைக்கு இரும்புச்சத்துக் குறைவுன்னா, ரத்தம் எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம், குடலைப் பாக்காம விடக்கூடாது. இது மூணாம் வருஷ மாணவனுக்குத் தெரியும். "மலத்துல ரத்தம் போகுதா?"ன்னு அன்னைக்குத்தான் முதல் தடவையா கேட்டேன். "அப்பப்ப போகும் சார். சீட்டுல உக்காந்தே வேலை பாத்த உடம்பு, மூலம்னு நினைச்சேன்." அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். கொலோனோஸ்கோப்பி செஞ்சாங்க. பெருங்குடல்ல புற்றுநோய். காப்பீட்டுத் திட்டத்துலயே ஆபரேஷன் நடந்தது. கீமோவும் கொடுத்தாங்க. மூணு வருஷம் இருந்தார்.

அந்த நாலு மாசம் முன்னாடி கண்டுபிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது. நான் கேக்க வேண்டிய நாலு கேள்வியைக் கேக்கல, அது மட்டும் தெரியும். என் மாத்திரை ஒவ்வொரு தடவையும் "வேலை செஞ்சது". அதுதான் பிரச்சினையே.

அந்த நாலு கேள்வியை இப்ப உங்ககிட்ட கொடுத்துடறேன். டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லிடுங்க.

எத்தனை நாளா? நாலு வாரத்தைத் தாண்டினா அது நாள்பட்ட பேதி, மாத்திரைக்கு முன்னாடி பரிசோதனை வேணும். ராத்திரி தூக்கத்தைக் கெடுத்து எழுப்புதா? பதட்டத்துலயும் டென்ஷன்லயும் வர்ற குடல் எரிச்சல், அதான் ஐபிஎஸ், பெரும்பாலும் தூக்கத்துல தொந்தரவு பண்ணாது. பகல்ல படுத்தும், கழிச்சதும் வலி குறையும், ராத்திரி விட்டுடும். ராத்திரியும் எழுப்பினா வேற ஏதோ இருக்கலாம். எடை குறையுதா? தராசுல ஏற வேண்டாம், பேன்ட் பெல்ட்டுல எத்தனாவது ஓட்டைன்னு சொன்னா போதும். ரத்தம் வருதா?

கடைசிக் கேள்விக்கு நம்ம ஊர்ல நேரா பதில் வராது. "சூடு பிடிச்சிருக்கு." "மூலம்." பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க மூலம் பௌத்திரம் போஸ்டர் ஒட்டி வெச்சிருக்கறதால, ஆசனவாய்ல ரத்தம்னாலே மக்களுக்கு ஒரே ஒரு நோய்தான் தெரியும். மூலமா இருக்கலாம். அதைப் பாத்துச் சொல்லணும், யூகிக்கக் கூடாது. விரல் விட்டுப் பரிசோதனை பண்ண ஒரு நிமிஷம். வெக்கம் உங்களுக்கும் இருக்கு, சோம்பல் எங்களுக்கும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தா நோய்க்குக் கொண்டாட்டம்.

எப்படிப் போகுதுங்கிறதும் எங்களுக்கு ஒரு வரைபடம். அளவு நிறைய, தண்ணியா, தொப்புளைச் சுத்தி வலி, ஆனா தடவை குறைவுன்னா பெரும்பாலும் சிறுகுடல் சமாச்சாரம். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி, ஓடணும் போல அவசரம், போயிட்டு வந்தும் இன்னும் இருக்கிற மாதிரி முக்கல், சளி, ரத்தம்னா பெருங்குடல். வெளுப்பா, எண்ணெய்ப் பிசுக்கா, மிதந்து, எத்தனை வாளி தண்ணி ஊத்தினாலும் கோப்பையை விட்டுப் போகாம நாறினா கொழுப்பு ஜீரணமாகல. கணையத்தைப் பாக்கணும். வருஷக்கணக்கா குடிக்கிறவங்ககிட்ட இதைக் கண்டிப்பா கேட்பேன். குடிக்காமலேயே இளம் வயசுல கணையம் கெடுற ஒரு வகை தென்னிந்தியாவுல இருக்கு, கூடவே சர்க்கரை நோயும் வரும்.

வலது அடிவயித்துல வலி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவுன்னா குடல் காசநோயை நினைக்கணும். காசநோய் நுரையீரல்ல மட்டும் வரும்னு நினைக்காதீங்க. இதே மாதிரி வேஷம் போடற இன்னொரு நோய் க்ரோன்ஸ். குடல்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும், ஆனா வைத்தியம் எதிரெதிர். ஒண்ணுக்குக் கிருமியைக் கொல்லணும், இன்னொண்ணுக்கு உடம்போட எதிர்ப்பை அடக்கணும். மாத்திக் கொடுத்தா காசநோய் காட்டுத்தீ மாதிரி பரவும். அதனாலதான் சதை எடுத்துப் பரிசோதிக்காம வைத்தியம் ஆரம்பிக்க நாங்க தயங்கறோம். "எதுக்கு சார் இத்தனை டெஸ்ட்டு"ன்னு கேக்கறவங்களுக்கு என் பதில் இதுதான்.

எல்லாமே பயங்கரமா இருக்கும்னு இல்ல. சில சமயம் காரணம் உங்க மாத்திரை டப்பாவுலயே இருக்கும். சர்க்கரைக்குப் போடற மெட்ஃபார்மின் பலருக்குப் பேதி கொடுக்கும். வயித்தெரிச்சலுக்குக் குடிக்கிற திரவத்துல மெக்னீசியம் இருந்தா அதுவும். பித்தப்பையை எடுத்தவங்களுக்குப் பித்தநீர் நேரா இறங்கறதால வரலாம். தைராய்டு அதிகமானா வரும். பால் ஒத்துக்காம வரும், குறிப்பா ஒரு பேதி வந்து ஓஞ்ச பிறகு சில வாரம். அப்ப பாலை நிறுத்திட்டு மோர் குடிங்க. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீங்க.

படுத்த படுக்கையா இருக்கிற தாத்தா பாட்டிக்குத் திடீர்னு தண்ணியா ஒழுகினா, முதல்ல மலச்சிக்கல் இருக்கான்னு பாருங்க. வேடிக்கையா இருக்கும். உள்ள கல்லு மாதிரி அடைச்சிருக்கும், அதைச் சுத்தி தண்ணி மட்டும் கசியும். அதைப் பேதின்னு நினைச்சு நிறுத்துற மாத்திரை கொடுத்தா அந்த வயசானவர் படற பாடு சொல்லி முடியாது.

சர்க்கரை நோயாளிகள் எல்லாரும் கேக்கற கேள்வி: "எனக்குச் சுகர், ஓஆர்எஸ் குடிக்கலாமா?" குடிங்க. ஒரு டம்ளர்ல, அதாவது 200 மில்லியில, மூணு கிராமுக்கும் குறைவான குளுக்கோஸ்தான். நீங்க குடிக்கிற டீயில அதை விட அதிகம் இருக்கும். உங்களுக்கு ஆபத்து சர்க்கரை இல்ல, கிட்னி. உடம்புல தண்ணி வத்தின நேரத்துல சில ப்ரஷர் மாத்திரைகள், நீர் பிரியற மாத்திரைகள், சில சுகர் மாத்திரைகள் சிறுநீரகத்தை வாட்டும். பேதியும் வாந்தியும் அதிகமா இருக்கிற நாள்ல, இன்னைக்கு எதைப் போடணும், எதை நிறுத்தி வைக்கணும்னு உங்க டாக்டருக்கு ஒரு போன் பண்ணுங்க. நீங்களா எல்லாத்தையும் நிறுத்திடாதீங்க, இன்சுலினை நிறுத்தவே நிறுத்தாதீங்க. இதய பலவீனம், கிட்னி பாதிப்பு உள்ளவங்க எவ்வளவு குடிக்கலாம்னும் கேட்டுக்குங்க.

எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? ஆறு மணி நேரத்துக்கு மேல ஒண்ணுக்கே போகலைன்னா. குழந்தை மந்தமா, எழுப்பினாலும் சொருகிப் போனா, குடிக்க மாட்டேன்னா, குடிச்சதெல்லாம் வாந்தி எடுத்தா. ரத்தம் வந்தா. கடுங்காய்ச்சல் இருந்தா. அரிசி கழுவின தண்ணி மாதிரி நிக்காம போனா. ஆறு மாசத்துக்குள்ள குழந்தைன்னா நீங்க யோசிக்கவே வேண்டாம், வந்துடுங்க. ஒரே தெருவுல நாலு வீட்டுல பேதின்னா குழாய்த் தண்ணி மேல சந்தேகப்படுங்க, சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லுங்க, தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆற வெச்சுக் குடிங்க.

கண்டக்டரோட மனைவி இன்னும் என்கிட்டத்தான் ப்ரஷருக்கு மாத்திரை வாங்க வர்றாங்க. அந்த நாலு மாசத்தைப் பத்தி ஒரு தடவைகூட ஒரு வார்த்தை பேசினதில்ல. நானும் பேசினதில்ல. ஒரு நாள் பேசணும்.

ரெண்டு மாசம் முன்னாடி பேரனைக் கூட்டிட்டு வந்தாங்க. அஞ்சு வயசு. கையில பழைய தண்ணி பாட்டில், உள்ள ஓஆர்எஸ் கலக்கி பாதி காலி. நாற்காலியில உக்காரக்கூட இல்ல, சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க: "நேத்து சாயங்காலத்துல இருந்து எட்டு தடவைங்க. தண்ணியா, மஞ்சளா. ரத்தம் இல்ல, சளி இல்ல. ராத்திரி ஒரு தடவை எந்திரிச்சான். காலையில ஏழு மணிக்கு ஒண்ணுக்குப் போனான். காய்ச்சல் இல்ல. ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர்லதான் கலக்கியிருக்கேன்."

எனக்குக் கேக்க ஒண்ணும் மிச்சம் இல்ல. ஜிங்க் மட்டும் எழுதிக் கொடுத்தேன்.